பட்டறை கேள்வி–பதில்: புதுப் பம்பும் ஏன் போகிறது?

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவை. மறுநடவு நடக்கிறது. செம்பனையைச் சாய்த்துச் சீவுவதும் வாய்க்கால் தோண்டுவதுமாக எஸ்கவேட்டர்களுக்கு ஓய்வில்லை. எல்லாருமே ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் மெஷினை இயக்கும் அமைப்பு) பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: எங்கள் 20 டன் எஸ்கவேட்டர் 9,000 மணி ஓடியது. மெயின் பம்பு போய், ரிகண்டிஷன் பம்பு (பழையதைச் சீர்செய்தது) மாட்டினோம். பில்லில் பம்பு, ஒரு ரிட்டர்ன் ஃபில்டர், எண்ணெய் 140 லிட்டர் என்று இருக்கிறது. 380 மணியில் அதுவும் ஊளையிட ஆரம்பித்து, இப்போது பூம் (மெஷினின் பெரிய கை) தூக்க மறுக்கிறது. கடைக்காரர் ஓட்டுநர்மேல் பழி போடுகிறார், ஓட்டுநர் பம்பே மட்டம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
— குத்தகையாளர், ஹுத்தான் மெலிந்தாங்

பதில்: இருவரையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அந்தப் பில்லை இன்னொரு முறை பாருங்கள். கூலர் இல்லை, பைலட் ஃபில்டர் (லீவர்களின் கட்டுப்பாட்டு லைனுக்கான சிறு ஃபில்டர்) இல்லை, தொட்டி கழுவிய கூலி இல்லை. இரண்டாவது பம்பைத் தின்றது முதல் பம்பின் தூள் என்றுதான் நமக்குப் படுகிறது.

கணக்கு இதுதான். 20 டன் மெஷினின் இரட்டைப் பம்பு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 400 லிட்டருக்கு மேல் தள்ளும். தொட்டியில் இருப்பது 120 முதல் 140 லிட்டர். அப்படியானால் தொட்டி எண்ணெய் மொத்தமும் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று தடவை சுற்றி வருகிறது. பம்பு உள்ளே தேயத் தொடங்கியதும் பிஸ்டன் ஸ்லிப்பரின் வெண்கலத் தூளும் வால்வு பிளேட்டின் எஃகுத் தூளும் அதே வேகத்தில் கன்ட்ரோல் வால்வு, சிலிண்டர், டிராக்கை ஓட்டும் டிராவல் மோட்டார், கூலர் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். ரிட்டர்ன் ஃபில்டர் தன்னால் முடிந்ததைப் பிடிக்கும். அது நிறைந்து அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெய் நேரே தொட்டிக்குள் விழும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

அடுத்தது அந்த 140 லிட்டர். முழு அமைப்பில் இருப்பது 230 லிட்டருக்கு மேல். தொட்டியை மட்டும் வடித்து நிரப்பினால் சிலிண்டர், ஹோஸ், கூலருக்குள் இருக்கும் சுமார் 100 லிட்டர் பழைய எண்ணெய் தூளோடு அப்படியே நின்றுவிடும். நீளமான பூம் ஹோஸ்களில் எண்ணெய் முன்னும் பின்னும் ஆடுமே தவிர முழுதாகத் தொட்டிக்குத் திரும்பாது. அங்கே தங்கிய தூள் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

பம்பு உள்ளே தூளாகி உடைந்தால் செய்ய வேண்டியவை இவை. தொட்டியின் மேல்மூடியைக் கழற்றி, உறிஞ்சு வலையை வெளியே எடுத்து, மூலைகளில் படிந்த சேற்றைக் கையால் துடைத்து எடுக்க வேண்டும். நூல் பிரியும் கந்தல்துணி ஆகாது, அந்த நூலே பைலட் வால்வில் போய்ச் சிக்கும். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் பெரிய ஹோஸின் உள்பக்கம் உரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூலரைக் கழுவிப் பயனில்லை. அதன் குறுகிய வழிகளில் சிக்கிய தூளை யாராலும் முழுதாக எடுக்க முடியாது, மாற்றிவிடுங்கள். சிலிண்டர் ஹோஸ்களைக் கழற்றி உள்ளே உள்ள எண்ணெயை வடிக்க வேண்டும். வடிவது மினுமினுத்தால் சிலிண்டரைப் பிரிப்பதுதான் வழி. கன்ட்ரோல் வால்வின் ரிலீஃப் வால்வுகளை (அழுத்தம் எல்லை தாண்டினால் திறந்து எண்ணெயை விடுபவை) கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ரிட்டர்ன், பைலட், டிரெயின் என்று எத்தனை ஃபில்டர் உண்டோ அத்தனையும் புதிதாகப் போட வேண்டும். டீசல் ஊற்றி ஃப்ளஷ் செய்யும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. டீசலில் வழவழப்பு கிடையாது, எவ்வளவு வடித்தாலும் உள்ளே மிஞ்சி புது எண்ணெயை நீர்க்க வைக்கும். மெஷினில் ஊற்றப்போகும் அதே எண்ணெயைக் கொண்டுதான் அலச வேண்டும்.

புதுப் பம்பை மாட்டியதும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. பம்பின் உடலுக்குள் எண்ணெய் நிரப்பி, மேலே உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகு இறுக்குங்கள். அதன்பின் 10 நிமிடம் லோ ஐடில் (இன்ஜினின் குறைந்த வேகம்), எந்த லீவரையும் தொட வேண்டாம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக நான்கைந்து முறை நீட்டி மடக்குங்கள், ஆனால் முடிவுக்கு ஒரு சாண் முன்பே நிறுத்திவிடுங்கள். முதல் தடவையே முட்டும் வரை ஓட்டினால் உள்ளே சிக்கிய காற்று திடீரென அழுங்கிச் சூடாகி, எண்ணெய் ஆவியோடு தீப்பற்றிச் சீலைக் கருக்கிவிடும். காற்று போன பிறகு முழு நீளத்துக்கு மூன்று நான்கு முறை ஓட்டி, அப்புறம் சுவிங் (மேல்பாகத்தைச் சுழற்றுவது), டிராவல் (டிராக்கை ஓட்டுவது). இன்ஜினை நிறுத்தி 5 நிமிடம் விட்டு எண்ணெய் மட்டம் பாருங்கள், குறைந்திருக்கும்.

10 மணி, 50 மணி, 250 மணி என்று மூன்று தடவை ரிட்டர்ன் ஃபில்டரை மாற்றுங்கள். கழற்றியதை வீசிவிடாதீர்கள். மடிப்புத் தாளைக் கூரான கத்தியால் அறுங்கள். ஹேக்சா வேண்டாம், அதன் தூளே விழுந்து குழப்பும். அறுத்ததை வெள்ளைத் தாளில் விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத்தில் மின்னி, காந்தத்தில் ஒட்டாவிட்டால் வெண்கலம். பம்போ மோட்டாரோ தேய்கிறது. வெள்ளி நிறத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்த காந்தத்தை நோக்கி எழுந்து நின்றால் எஃகு. கறுப்பாக நசுங்கும் துணுக்கு சீல் அல்லது ஹோஸின் உள்தோல். சாம்பல் நிறக் களிமண் இருந்தால் தொட்டி மூடியையும் சிலிண்டர் வாயில் அழுக்கை வழிக்கும் வைப்பரையும் சந்தேகப்படுங்கள். வெள்ளை நூலாக வந்தால் யாரோ திருகில் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறார்கள். ஹைட்ராலிக் இணைப்பில் அதற்கு இடமே இல்லை.

வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் போன பம்பைக் கடைக்காரர் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வால்வு பிளேட்டில் வட்டவட்டமாக இழுத்த கோடுகள் தெரிந்தால் அழுக்கு. வெண்கலம் உருகி இழுபட்டு, எஃகு நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியது. அது பெரும்பாலும் முதல் நாளிலேயே காட்டிவிடும், 380 மணி தாங்காது. பூச்சி அரித்த மாதிரிக் குழி விழுந்திருந்தால் பம்புக்கு எண்ணெய் சரியாக வரவில்லை. உறிஞ்சு வலை அடைப்பு, தொட்டி மூச்சுவிடும் பிரீதர் அடைப்பு, உறிஞ்சு ஹோஸ் உரிதல், மூன்றில் ஒன்று.

கேள்வி: நாங்கள் வாங்குவது சீல் உடைக்காத 200 லிட்டர் டிரம். புது எண்ணெயையும் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும் என்று ஃபோர்மன் அடம்பிடிக்கிறார். வடிகட்டும் வண்டிக்குத் தோட்டத்தில் பணம் கேட்க வேண்டும். அவசியமா?
— ஸ்டோர் கிராணி, பாகான் டத்தோ

பதில்: ஃபோர்மன் பக்கம்தான் நியாயம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண்ணுக்குத் தெரிவது 40 மைக்ரான் வரைதான். பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரை. கண்ணாடிக் குவளையில் தேன் மாதிரித் தெளிவாகத் தெரியும் எண்ணெயிலும் பம்பைச் சிராய்க்கும் தூசு ஏராளமாக இருக்கலாம். சுத்தத்தை அளக்க ஐஎஸ்ஓ 4406 என்ற எண்முறை உண்டு. 18/16/13 என்று மூன்று எண் வரும், மூன்று அளவுத் துகள்களுக்கு ஒவ்வொன்று. பிஸ்டன் பம்புக்குப் பொதுவாக வைக்கும் இலக்கும் அதுவே. எண் ஒன்று ஏறினால் தூசு இரண்டு மடங்கு. டிரம்மில் வரும் புது எண்ணெய் பல நேரம் இந்த இலக்கைவிட அழுக்காகத்தான் வருகிறது. நிரப்பும் இடம், டிரம்மின் உள்சுவர், கைப்பம்பு எல்லாம் தங்கள் பங்கைச் சேர்த்துவிடுகின்றன.

டிரம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வெளியே நட்டமாக நிறுத்தினால் மேல்விளிம்புக்குள் மழைநீர் குளம் கட்டும். பகல் வெயிலில் உள்ளே உள்ள காற்று விரிந்து மூடியின் திருகு வழியாக வெளியேறும். மாலை மழையில் டிரம் குளிர்ந்ததும் அதே வழியாக மேலே தேங்கிய நீரை உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். கூரை இல்லாவிட்டால் டிரம்மைப் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் வரட்டும். அப்போது மூடிகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும், காற்றும் நீரும் நுழையாது.

வண்டி வாங்கும் வரை குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: ஹைட்ராலிக்குக்கு என்று தனியாக மூடியுள்ள வாளி, தனிப் புனல், தனிக் கைப்பம்பு, கைப்பம்பின் வெளிவாயில் 10 மைக்ரான் ஃபில்டர். பெயின்ட் வாளியைக் கழுவி எடுப்பது, இன்ஜின் எண்ணெய்ப் புனலையே இதற்கும் வைப்பது, இரண்டும் நிற்கட்டும். தொட்டி மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றி ஈரத்துணியால் துடைப்பதற்கு யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: மெயின் ரிலீஃப் வால்வை ஒரு சுற்று இறுக்கினால் மெஷின் பலம் கூடும் என்கிறார்களே?
— ஓட்டுநர், சுங்கை சுமுன்

பதில்: தொடாதீர்கள். இந்த வகுப்பு மெஷின்களில் செட்டிங் ஏற்கெனவே சுமார் 350 பார், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 350 கிலோவுக்கு மேல். அந்தத் திருகில் கால் சுற்றே பல பத்து பார் ஏற்றிவிடும். கேஜ் மாட்டாமல் திருகினால் எங்கே நின்றீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பலம் குறைந்த மெஷினில் திருகு தானாகத் தளர்ந்திருப்பது அபூர்வம். பம்பு தேய்ந்திருக்கும், அல்லது ரிலீஃப் வால்வின் இருக்கையில் துணுக்கு மாட்டியிருக்கும்.

கேள்வி: அண்ணே, காலையில் மெஷின் நன்றாக ஓடுகிறது. மதியம் ரெண்டு மணிக்கு மேலே பக்கெட் சோம்பல் பிடிக்கிறது, டிராக் ஏற்றத்தில் இழுக்க மாட்டேங்குது. மரம் சீவுற வேலைதான் செய்றேன். முதலாளி எண்ணெய் மாத்தணும்ங்கிறார். மாத்தினா சரியாயிடுமா?
— இளம் ஓட்டுநர், தெலுக் இந்தான்

பதில்: தம்பி, எண்ணெய்க்குக் காசு போடும் முன் கூலரைத் திறந்து பார். சீவும்போது பறக்கும் செம்பனை நாரும் லாலான் புல்லின் பஞ்சும் ரேடியேட்டருக்கும் ஹைட்ராலிக் கூலருக்கும் நடுவில் மெத்தை மாதிரி படியும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இடுக்கில்தான் அடைப்பு. சீவும் வேலையில் தினமும், சில நாள் இரண்டு தடவைகூட அதை எடுக்க வேண்டும். காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதணும், 2 பாருக்கு மேல் வேண்டாம். நாசிலைச் சிறகுக்கு ஒட்டிப் பிடித்தால் சிறகு மடங்கி அடைப்பு நிரந்தரமாகிவிடும். கண்ணாடி போட்டுக்கொள். முதலில் தண்ணீர் அடிக்காதே. தூசு சேறாகி உள்ளே இறுகிவிடும்.

எண்ணெய் 50 முதல் 80 டிகிரிக்குள் ஓட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. சீலின் ரப்பரும் இறுகி வெடிக்கும். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த இடங்கள் வழியாக உள்ளுக்குள்ளேயே நழுவிப் போகும். நழுவும் எண்ணெய் வேலை செய்யாமல் சூட்டை மட்டும் உண்டாக்கும், அந்தச் சூடு இன்னும் நீர்க்க வைக்கும். உன் மெஷின் மதியம் சோர்வது இதனால்தான்.

கூலர் சுத்தமாக இருந்தும் சூடேறினால் ஃபேன் பெல்ட் தளர்வு, எண்ணெய் மட்டம் குறைவு, இவற்றைப் பார். அதுவும் சரியென்றால் உள்கசிவைத் தேட வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் வேலை செய்து சூடான பின் கன்ட்ரோல் வால்வின் ரிலீஃப் வால்வுகளை ஒவ்வொன்றாக அளந்து பார். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் நன்றாகச் சுட்டால் எண்ணெய் அது வழியாக ஓடுகிறது. பம்பின் டிரெயின் ஹோஸில் (பம்புக்குள் கசிந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழி) நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளப்பதைப் பட்டறையிடம் விடு. உன் மாடலுக்கான அளவு கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டினால் பம்பு தேய்ந்துவிட்டது. முதலாளியிடம் சொல்: கூலர் அடைப்பைப் புது எண்ணெய் தீர்க்காது.

கேள்வி: 46 நம்பரா, 68 நம்பரா? இருப்பதோடு வேறு கம்பெனி எண்ணெய் கலக்கலாமா?
— மேற்பார்வையாளர், பீடோர்

பதில்: நம்பர் என்பது 40 டிகிரியில் எண்ணெயின் கெட்டித்தன்மை. 80 டிகிரிக்குப் போனால் 46 சுமார் 11 ஆகவும், 68 சுமார் 15 ஆகவும் இறங்கும். 10-க்குக் கீழே பெரும்பாலான பிஸ்டன் பம்புகள் தேயும். அதனால் நம் வெயிலில், கனமான வேலையில், கையேடு இரண்டையும் அனுமதித்தால் 68 பக்கம் சாய்வதில் அர்த்தம் உண்டு. கையேடு ஒன்றைத்தான் சொல்கிறது என்றால் அதுவே. சில மெஷின்களுக்கு 10 டபிள்யூ வகை எண்ணெய் என்று எழுதியிருக்கும், அதையும் மீறாதீர்கள்.

கலப்பதில் நிறம் பார்த்து முடிவு செய்ய முடியாது. துத்தநாகச் சேர்மானம் உள்ள எண்ணெயும் இல்லாத எண்ணெயும் சேர்ந்தால் சேர்மானம் பிரிந்து படிந்து ஃபில்டரை அடைக்கலாம். அவசரத்துக்கு 5 லிட்டர் ஊற்றி வண்டியைக் காட்டிலிருந்து வெளியே எடுப்பதைக் குறை சொல்ல மாட்டோம். அதையே பழக்கமாக்க வேண்டாம்.

கேள்வி: வடகிழக்குப் பருவமழை முடிந்ததிலிருந்து லெவல் கண்ணாடியில் எண்ணெய் பால் மாதிரித் தெரிகிறது. ஃபில்டர் மாற்றியும் அப்படியே இருக்கிறது.
— எஸ்டேட் ஃபிட்டர், பாகான் டத்தோ

பதில்: பால் நிறத்துக்குக் காற்றும் காரணமாகலாம், நீரும் காரணமாகலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வந்தால் காற்று. உறிஞ்சு பக்கத்து ஹோஸ் கிளாம்பைத் தேடுங்கள். தெளியாமல் அப்படியே நின்றால், அல்லது அடியில் நீர் படிந்தால் நீர்தான். இன்னும் உறுதி வேண்டுமா? ஒரு இரும்புத் தகட்டை நன்றாகச் சூடேற்றி, 150, 160 டிகிரி இருக்கட்டும், ஒரு சொட்டு விடுங்கள். நீர் இருந்தால் தாளிப்பில் கடுகு வெடிப்பது போல் படபடக்கும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

எண்ணெய் பாலாக மாறுவது நீர் கரையும் எல்லையைத் தாண்டியபின்தான். எனவே கண்ணுக்குத் தெரிகிறபோது ஏற்கெனவே தாமதம். காகித ஃபில்டர் நீரைப் பிடிக்காது, ஊறிப் பிய்ந்துபோவதுதான் மிச்சம். தொட்டி அடியில் உள்ள வடிகுழாயைக் காலையில் இன்ஜின் போடும் முன் கொஞ்சம் திறந்தால் இரவில் கீழே இறங்கிய நீர் முதலில் வரும். பாலாகிவிட்டால் முழு எண்ணெயும் மாற வேண்டும், சிலிண்டர்களில் உள்ளது உட்பட. பிறகு நீர் வந்த வழியை அடையுங்கள். பிரீதர் மூடி, தொட்டி மேல்மூடியின் ஓ-ரிங், பிரஷர் ஜெட்டால் கழுவும்போது நேரே மூடியில் அடிக்கும் கை, இவைதான் வழக்கமான வழிகள். வாய்க்காலுக்குள் சிலிண்டர் முழுகும்படி வேலை செய்தால் தேய்ந்த ராடு சீல் வழியாகவும் போகும்.

கேள்வி: பூமைத் தூக்கி நிறுத்தினால் கால் மணி நேரத்தில் பக்கெட் தரையைத் தொட்டுவிடுகிறது. இரண்டு பூம் சிலிண்டருக்கும் சீல் கிட் மாற்றி 3 மாதம்கூட ஆகவில்லை.
— குத்தகையாளர், சுங்கை சுமுன்

பதில்: சிலிண்டரா, வால்வா என்று பிரித்துப் பார்க்காமல் கிட் மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. சமதரை, எண்ணெய் சூடு 50 டிகிரி பக்கம், பக்கெட்டுக்குக் கீழேயும் பூமின் வீச்சிலும் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பூமைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். சாவி ஆன் நிலையில் இருக்கட்டும். பூம் இறங்கும் வேகத்தைக் கவனித்தபடி லீவரைத் தூக்கும் பக்கமாகப் பிடியுங்கள். இறங்கும் வேகம் கூடினால் சிலிண்டரின் பிஸ்டன் சீல் கசிகிறது. லீவரால் ராடு பக்கத்து எண்ணெய்க்குத் தொட்டிக்கு வழி திறந்துவிடுவதால், சீலைத் தாண்டி வருவது தடையில்லாமல் ஓடும். வேகம் மாறாவிட்டால் குற்றம் கன்ட்ரோல் வால்வு பக்கம், பெரும்பாலும் பூமை இறங்காமல் தாங்கும் பூம் ஹோல்டிங் வால்வு. அதில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்திருந்தாலே போதும். (சில மாடல்களில் இன்ஜின் நின்றபின் லீவர் வேலை செய்யாது. மற்றவற்றில், லீவர் லைனின் அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் பைலட் அக்குமுலேட்டரில் அழுத்தம் இருக்கும் சில நொடிகளுக்குள் பார்க்க வேண்டும்.)

சிலிண்டர்தான் என்றால், ராடை முழுதாக நீட்டி விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டுப்பட்டால் எந்தக் கிட் போட்டாலும் அந்தக் கீறல் அறுத்துவிடும். குரோம் பூச்சு 20 முதல் 50 மைக்ரான்தான், ஒரு முடியின் தடிமன்கூட இல்லை. சிறு கூர்முனை என்றால் எண்ணெய் தடவிய நைஸ் எமரித் தாளால் குறுக்காக, சுற்றிவர, மெதுவாகத் தேய்த்து முனையை மட்டும் மழுக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் எண்ணெய் கசியப் புது வாய்க்கால் வெட்டிக்கொடுத்த மாதிரி. குரோம் உரிந்து துரு தெரிந்தால் மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும்.

கடலோரத் தோட்டங்களில் ராடு சீக்கிரம் போவதற்குக் காரணம் களிமண்ணில் உள்ள உப்பும் அமிலமும். சேறு ராடில் காய்ந்தபடி மெஷின் இரண்டு நாள் நின்றால் குரோமுக்கு அடியில் புள்ளிபுள்ளியாகத் துரு கிளம்பும். மாலையில் ராடுகளை நல்ல தண்ணீரால் கழுவி, முடிந்தவரை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். எஸ்கவேட்டரில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்க முடியாது. வெளியே நிற்கும் நீளத்துக்குக் கிரீஸ் பூசிவிட்டு, மறுநாள் துடைத்த பிறகே ஓட்டுங்கள். அந்தக் கிரீஸில் ஒட்டிய மண்ணோடு இழுத்தால் பூசாமலே இருந்திருக்கலாம்.

கேள்வி: ஆர்ம் சிலிண்டருக்குப் போகும் 1 அங்குல ஹோஸ் ஒரே இடத்தில் மூன்றாவது தடவையாக வெடிக்கிறது. பட்டணத்தில் அடித்துக் கொடுக்கும் ஹோஸ் மட்டம் என்று நினைக்கிறோம்.
— மெக்கானிக், தெலுக் இந்தான்

பதில்: ஹோஸ்மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 2எஸ்என் என்று இருந்தால் வெடிப்பதில் வியப்பே இல்லை. இரண்டு கம்பிப் பின்னல் உள்ள அந்த ஹோஸ் 1 அங்குலத்தில் 165 பார் மட்டுமே தாங்கும். நான்கு சுருள் கம்பி உள்ள 4எஸ்பி 280 பார், 4எஸ்எச் 380 பார். 350 பார் லைனில் போக வேண்டியது கடைசியது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே கறுப்பு ரப்பர், விலையில்தான் வித்தியாசம். இன்னொன்றும் அதே அச்சில் இருக்கும்: 2க்யூ22 என்றால் 2022-ன் இரண்டாம் காலாண்டில் செய்தது. கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹோஸ் சரியான வகையாக இருந்தும் அதே இடத்தில் வெடித்தால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். நீளவாக்கில் உள்ள எழுத்து வரி முறுக்கிக்கொண்டு போனால் ஹோஸை முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். எப்போதும் இரண்டு ஸ்பானா, ஒன்று ஹோஸைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஃபிட்டிங்கை ஒட்டியே வளைவு தொடங்கினாலும், கிளாம்பு கழன்று பூமில் உரசினாலும் இதே கதைதான். பழைய கிளாம்பை 'அப்புறம் போடலாம்' என்று கேபினுக்குள் எறிவதுதான் பாதி வெடிப்புக்குக் காரணம். புது ஹோஸை அறுத்தபின் உள்ளே உள்ள ரப்பர்த் தூளையும் கம்பித் தூளையும் ஊதி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். கழற்றிய வாய்களுக்கு உடனே மூடி போடுங்கள். மூடி இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கட்டினாலும் போதும். துணி அடைக்காதீர்கள்.

கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி, தொட்டி மூடியின் அழுத்தத்தை மெதுவாக விடுங்கள்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். நுண்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். 350 பாரில் வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் ஊசி போல் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஒரு புள்ளி, ஆரம்பத்தில் பெரிய வலியும் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலோ கையோ போகும். அட்டைத்துண்டைக் காட்டித் தேடுங்கள். பட்டுவிட்டால் கிளினிக்கில் மருந்து போட்டுக்கொண்டு திரும்புவது ஆகாது. அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு அப்போதே போய், 'அதிக அழுத்த எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தது' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். எண்ணெயின் பெயரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பிரேக்கர் மாட்டினால் எண்ணெய் சீக்கிரம் மாற்ற வேண்டுமா?
— குவாரி ஓட்டுநர், தாப்பா

பதில்: ஆமாம், ஃபில்டரை அதைவிடச் சீக்கிரமாக. பிரேக்கரின் (பாறை உடைக்கும் ஹைட்ராலிக் சம்மட்டி) அதிர்வு அழுத்தம் எண்ணெயை அடித்துச் சூடேற்றும். உளி புகும் இடத்திலிருந்து கல்தூள் உள்ளே போகும். கையேட்டில் பிரேக்கர் ஓடும் சதவீதத்துக்கு ஏற்பத் தனி அட்டவணை இருக்கும், சாதாரண இடைவெளியில் ஒரு சிறு பங்குதான் வரும். பிரேக்கரைக் கழற்றி மாட்டும் இரண்டு நிமிடத்திலும் கல்தூள் உள்ளே போகும். லைன் வாய்களை மூடாமல் விடாதீர்கள்.

கேள்வி: கழிவு எண்ணெய் 3 டிரம் சேர்ந்துவிட்டது. பலகைக்குப் பூசக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
— ஸ்டோர் கிராணி, சுங்கை சுமுன்

பதில்: கொடுக்க முடியாது. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி பழைய ஹைட்ராலிக் எண்ணெயின் குறி எண் எஸ்டபிள்யூ 306. எண்ணெய் தோய்ந்த ஃபில்டரும் துணியும் எஸ்டபிள்யூ 410. சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்றவர்தான் எடுத்துப்போக வேண்டும். 180 நாளுக்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. டிரம்மில் குறி எண்ணும், கழிவு சேரத் தொடங்கிய தேதியும் உள்ள லேபிள் இருக்கட்டும். கூரைக்குக் கீழே, கசிந்தால் தேங்க அணை கட்டிய சிமெண்டுத் தரையில் வையுங்கள். ஹைட்ராலிக் எண்ணெயோடு பிரேக் ஃபுளூயிட், தின்னர், தண்ணீர் எதையும் சேர்த்து ஊற்றாதீர்கள். கலந்துவிட்டால் எடுப்பவர் மறுப்பார், அல்லது உங்களிடம் காசு கேட்பார். ஃபில்டரை ஓர் இரவு கம்பி வலைமேல் கவிழ்த்து வடியவிட்ட பிறகு 410 டிரம்மில் போடுங்கள். வடிந்தது 306-க்குப் போகட்டும்.